என் சான்றிதழுக்கு மூன்று முதலாளிகள்

திரையில் முதலில் என் தலைமுடி தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு, ஸ்டூடியோக்காரர் என் கழுத்தில் மாட்டிவிட்ட இரவல் டை.

அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர் எந்தப் பக்கத்தையும் ஒரேயடியாகக் காட்டாது. கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல மேலிருந்து கீழே மெதுவாக இறக்கும். அதனால் அன்றைக்கு என் முகத்தை நானே மூன்று தடவை, தவணை முறையில் பார்க்க நேர்ந்தது.

மதுரையில் ஒரு கோட்ட அலுவலகம். எந்தத் துறை என்று கேட்காதீர்கள். ரோடு போடும் துறைகள் நம் ஊரில் நாலைந்து உண்டு; குழி எல்லாவற்றுக்கும் பொது. கொட்டாம்பட்டிப் பக்கம் நாற்கரச் சாலையிலிருந்து பிரிந்து நாலு கிராமங்களுக்குப் போகும் ரோட்டைப் புதிதாகப் போட வேண்டும். நான்கு பேர் டெண்டர் போட்டிருந்தார்கள். யாருக்குத் தகுதி இருக்கிறது என்று பார்க்கும் முதல் சுற்று அன்று.

முதல் டெண்டர் எங்களுடையது. அதாவது செல்வமணி அக்காவுடையது. நான் அவரிடம் சைட் இன்ஜினியர். என் போட்டோ, என் பட்டச் சான்றிதழ், அக்காவிடம் பணிபுரிகிறேன் என்ற என் சம்மதக் கடிதம் எல்லாம் திரையில் வந்தன. கண்காணிப்பாளர் பென்சிலால் டிக் அடித்தார்.

இரண்டாவது, பரவையில் உள்ள ஒரு கம்பெனி. மறுபடியும் தலைமுடி, நெற்றி, டை.

யாரோ இருமினார்கள்.

மூன்றாவது, நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு கம்பெனி. தலைமுடி இறங்க ஆரம்பித்ததுமே அறையே சிரித்துவிட்டது. போன கம்பெனியின் நகலில் ஓரத்தில் இருந்த அதே டீக்கறை இதிலும் இருந்தது.

"அண்ணே, இந்தத் தம்பி ஒருத்தனே ஜில்லா பூராம் ரோடு போடுறான் போல" என்றார் பின்னால் இருந்த ஒருவர்.

"அடுத்த கவர்லயும் வந்தா எந்திரிச்சு ஒரு கும்பிடு போட்டுருவோம்" என்றார் இன்னொருவர்.

அடுத்ததில் வரவில்லை. அது தங்கராசு அண்ணனுடையது. இந்தப் பக்கத்துப் பெரிய வேலைகளெல்லாம் அவர் கைக்குத்தான் போகும். அவர் காட்டிய இன்ஜினியருக்கு வேறு முகம்.

அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, "மூணும் நீதான?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"நம்ம கவரு ஒண்ணுதான?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

கண்காணிப்பாளர் விதியை முதலில் இங்கிலீஷில் வாசித்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துத் தமிழுக்கு இறங்கினார். "ஒரே இன்ஜினியர ரெண்டு டெண்டர்ல காட்டக் கூடாது. காட்டுனா காட்டுன டெண்டர் பூராம் தள்ளுபடி. வெளக்கம் இருந்தா நாளன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள எழுதிக் குடுங்க."

விதி கேட்பதும் கேட்காததும்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் பலருக்கு டெண்டர் என்பது செய்தித்தாளில் பொடி எழுத்தில் வந்து, வடை மடிக்கப் போகும் ஒரு விஷயம். உள்ளே இருப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ரோடு போட விரும்புகிறவர், தான் ஏற்கெனவே ரோடு போட்டவர் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அது கடந்த ஐந்து வருடத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும். இப்போது கேட்கும் வேலையில் பாதி அளவுக்காவது ஒரே வேலையாக இருக்க வேண்டும். சின்னச் சின்னதாக நூறு தெரு போட்டிருந்தாலும் சேர்த்துக் கூட்டிக் காட்ட முடியாது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அதை இங்கிலீஷில் அச்சடித்துப் பத்து பக்கத்துக்கு நீட்டியிருக்கிறார்கள்.

தாரும் ஜல்லியும் கலக்கும் பிளாண்ட் வேலை நடக்கும் இடத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்குள், சொந்தமாகவோ குத்தகையாகவோ இருக்க வேண்டும். நல்ல விதி. சூடு ஆறாமல் கலவை வந்து சேர வேண்டும் அல்லவா. மேலூர் தாண்டி அப்படி ஒரு பிளாண்ட் எனக்குத் தெரியும். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் வாசலில் தொங்கும் பிளெக்ஸ் மட்டும் மாறும். ஒரே வாரத்தில் மூன்று முதலாளிகளின் பெயரை அங்கே பார்த்திருக்கிறேன். வாட்ச்மேன் மாறவில்லை.

"இன்னைக்கு யாருண்ணே ஓனரு?" என்று அவரிடம் கேட்டேன்.

"மணி எம்புட்டுப்பா ஆச்சு?" என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு ரோலர் எத்தனை, அதன் சேசிஸ் நம்பர் என்ன, துறையில் சொந்தக்காரர் யாராவது வேலை பார்க்கிறாரா என்றெல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு உறுதிமொழி, ஒரு சீல். இவ்வளவையும் கேட்கிற விதி ஒன்றை மட்டும் கேட்பதில்லை. போன தடவை நீ போட்ட ரோடு இப்போது இருக்கிறதா? தேடிப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு வரி கிடையாது.

தார் சுமந்த முதலாளி

செல்வமணி அக்கா தார்ச்சட்டி சுமந்தவர். அவர் கணவர் மாயாண்டி அண்ணன் ரோலர் ஓட்டுகிறவர். இருவரும் சேர்ந்து ஒரு பழைய ரோலரை வாங்கி, தெரு வேலைகளை எடுத்து, ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்தபோது அக்கா பெயரில் செய்தார்கள். அண்ணன் இன்றைக்கும் ரோலர்தான் ஓட்டுகிறார். "மொதலாளி யாருண்ணே?" என்று கேட்டால், "பொண்டாட்டிதேன், கெட்ட கண்டிசன்" என்பார்.

அக்கா தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் லாரியிலிருந்து கலவை கொட்டும்போது வருகிற ஆவியைப் பார்த்தே சூடு போதுமா என்று சொல்லிவிடுவார். போதாவிட்டால் லாரியைத் திருப்பி அனுப்புவார். இந்த ஒரு குணத்தாலேயே அவர் பெரிய ஆளாகவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை ஒன்றே ஒன்று, திருமங்கலம் பக்கம். விதி கேட்கிற 'பாதி அளவு' அனுபவத்துக்கு அவரிடம் இருந்ததும் அது ஒன்றுதான். அதன் ஐந்து வருட ஆயுள் அந்த மாதத்தோடு முடிகிறது. கொட்டாம்பட்டி வேலை கிடைத்தால் அதைக் காட்டி அடுத்த ஐந்து வருடம் ஓட்டலாம். கிடைக்காவிட்டால் விதியின் கண்ணில் அக்கா ரோடே போடாதவர். மறுபடி சாக்கடை மூடி, சிமெண்டுத் தெரு என்று முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

பத்து வெறுந்தாள்

என் முகம் அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் எப்படிப் போனது?

என் அப்பா பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வகையறாவில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்று வாங்கத் தாலுகா ஆபீசுக்கு நடந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். ("உங்கள் தாத்தா கூடவா படிக்கவில்லை?" என்று கேட்டு அதற்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். படிக்கவில்லை ஐயா. படிக்க விடவில்லை என்பது இன்னும் சரி.)

கட்டடப் பொறியியல் முடித்த கையோடு என் வகுப்புத் தோழன் பாண்டியிடம் போனேன். அவன் பெயருக்கு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். உண்மையான தொழில், கான்ட்ராக்டர்களுக்கு டெண்டர் பேப்பர் தயாரிப்பது.

"சர்ட்டிபிகேட்டு காப்பிய குடுத்துட்டுப் போ மாப்ள. வேலைக்குச் சொல்லி வைக்கிறேன். அப்படியே இந்தத் தாள்ல எல்லாம் ஒரு கையெழுத்துப் போட்டுரு. கம்பெனி கேட்டா நீ வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியாது பாரு."

பத்து வெறுந்தாள். ஏன் போட்டேன் என்று இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதி பொய். பெயருக்குப் பின்னால் பி.இ. என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு அதுவரை ஓர் இடம் கிடைக்கவில்லை. பாண்டி பத்து இடம் கொடுத்தான். ஒவ்வொன்றிலும் பி.இ. என்பதைப் பெயரைவிடப் பெரிதாக எழுதினேன்.

வேலை வரவில்லை. மூன்று வருடம் செல்போன் கடை, டியூஷன் என்று போயிற்று. பிறகு நானாகத் தேடிப் போய் அக்காவிடம் சேர்ந்தேன். இரண்டரை வருடம் ஆகியிருந்தபோது இந்தக் கொட்டாம்பட்டி டெண்டர் வந்தது. இன்ஜினியருக்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும் என்றது விதி.

இங்கேதான் இரண்டாவது முட்டாள்தனம். மறுபடி பாண்டியிடம் போனேன். பரவைக் கம்பெனி ஒன்றில் நான் மூன்று வருடம் வேலை பார்த்ததாக அனுபவக் கடிதம் வாங்கித் தந்தான். அந்தக் கம்பெனியின் வாசல்படியைக்கூட நான் மிதித்ததில்லை. வாங்கி அக்காவின் டெண்டரில் வைத்தேன்.

டெண்டரை ஏற்றும் முன் அக்கா கேட்டார். "எல்லாம் நெசந்தானடா?"

"நெசந்தேன்க்கா" என்றேன்.

கம்பூட்டுக்கு நடுவில்

கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் அக்காவின் ஷெட். தகரக் கூரை. உச்சி வெயிலில் காலித் தார் டிரம்கள் தாமாகவே 'டப் டப்' என்று நெளியும். அலுவலகத்திலிருந்து வந்ததும் அக்கா சேலையைச் செருகிக்கொண்டு, வேலைக்காரப் பெண்கள் தார் வேலைக்குக் காலில் மாட்டும் ரப்பர் கம்பூட்டுகளை ஜோடி பார்த்து அடுக்க உட்கார்ந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வெறுந்தாள் கதையைச் சொன்னேன். பிறகு, "நம்ம கவர்ல வச்ச அனுபவக் கடுதாசியும் பொய்க்கா. அந்தப் பரவைக் கம்பெனிதான் இன்னைக்கு ரெண்டாவது கவரு" என்றேன்.

கையில் இருந்த கம்பூட்டை அக்கா கீழே வைக்கவில்லை. "நான் கேட்டேனேடா."

"கேட்டீங்க."

"என்ன சொன்ன?"

"நெசம்னு சொன்னேன்."

"இங்கிலீசு தெரியாதவகிட்டப் பொய் சொல்றதுக்கா ஒங்கப்பா மூட்டை தூக்கிப் படிக்க வச்சாரு?"

ரோலருக்கு அடியில் படுத்திருந்த மாயாண்டி அண்ணன் தலையை மட்டும் நீட்டினார். "ஏய் செல்வம், வையிறத அப்புறம் வச்சுக்கிருவோம். இப்ப என்ன வழின்னு கேளு."

பாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவன் பதறவே இல்லை.

"சத்தியமா தெரியாது மாப்ள. தங்கராசண்ணனுக்குத் துணைக்கு ரெண்டு கவரு வேணும்னாக. போட்டி இருந்துச்சுன்னு காட்டணும்ல? பைல்ல கைக்கு வந்தது ஒன்னோடது. நீ அக்கா கவர்ல இருக்கேன்னு எனக்கெங்க ஞாபகம்?"

சதி என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். எங்களைக் கவிழ்க்க யாரோ உட்கார்ந்து யோசித்தார்கள் என்றாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒரு பயலின் சோம்பேறித்தனத்தில் அக்காவின் இருபது வருடம் மாட்டிக்கொண்டு நின்றது.

"ஒண்ணும் பயப்படாத. பரவைக் கம்பெனில வேலை பார்த்தேன், நின்னுட்டேன், இப்ப அக்காகிட்ட இருக்கேன்னு எழுதிக் குடு. நின்ன ஆர்டர நான் தாரேன். மூணாவது கம்பெனிய யாருன்னே தெரியாதுன்னுரு. அக்கா கவரு தள்ளுபடி ஆகாம நின்னுரும்" என்று பாண்டி வைத்துவிட்டான்.

"அப்படி எழுதினா நிக்குமா?" என்றார் அக்கா.

"நிக்கலாம்க்கா. ஆனா இதுவும் பொய்தான்."

அக்கா அடுத்த கம்பூட்டை எடுத்து, அதற்கு ஜோடியைத் தேடினார். கிடைத்தபிறகு சொன்னார். "முந்தி எழுதினது எனக்குத் தெரியாத பொய். இது தெரிஞ்ச பொய். எழுது."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா. "நான் கெட்ட ரோடு போட்டு மாட்டல. பேப்பர்ல மாட்டிருக்கேன். பேப்பராலயே வெளிய வாரேன்."

தேதி

மறுநாள் விளக்கத்தை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் முன்னால் நின்றேன். அக்கா வெளியே வராந்தாவில் காத்திருந்தார். கண்காணிப்பாளர் கடிதத்தைப் படித்தார். பாண்டி தந்த, வேலையிலிருந்து விடுவித்த உத்தரவைப் படித்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் வாளி இறங்கத் தொடங்கியது.

"தம்பி, ரெண்டரை வருசத்துக்கு முன்னாடியே பரவைக் கம்பெனிய விட்டு நின்னுட்டீக. சரி."

"ஆமா சார்."

"போன மாசம் அதே கம்பெனிக்கு, 'தங்களிடம் பணிபுரிகிறேன், இந்த வேலைக்குச் சம்மதம்'னு எழுதிக் குடுத்திருக்கீக. கையெழுத்து ஒங்களதுதான?"

திரையில் என் கையெழுத்து இருந்தது. பி.இ. நல்ல பெரிதாக. மேலே தேதி மட்டும் பாண்டியின் எழுத்து.

"வெறுந்தாள்ல போட்டுக் குடுத்தது சார்."

"அத எழுத்துல குடுக்குறீகளா? குடுத்தா மொத கேசு ஒங்க மேலதான் வரும், யோசிச்சுக்கங்க."

நான் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று இன்று நினைக்கிறேன். அன்று, அப்பா போலீஸ் ஸ்டேஷன் வாசலில் துண்டோடு நிற்பது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

மூன்று டெண்டரும் தள்ளுபடி. இரண்டு வருடத்துக்கு என் பெயரை அந்தக் கோட்டத்தில் யாரும் இன்ஜினியராகக் காட்டக் கூடாது என்று ஒரு வரியும் சேர்ந்தது. ஆளில்லாமல் ஆளைக் காட்டிய இரண்டு கம்பெனிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜெயிக்க வராதவர்களுக்குத் தோற்பதில் என்ன நஷ்டம்? தங்கராசு அண்ணன் ஒருவர் மட்டும் மிச்சமிருந்தால் மறுபடி டெண்டர் விட வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நான்கு பேர் கலந்துகொண்டதால் போட்டி நடந்துவிட்டதாம்.

வராந்தாவுக்கு வந்து சொன்னேன். அக்கா எழுந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அந்த மாதம் முடிந்தது. திருமங்கலம் ரோடு அப்படியே கிடந்தது, லாரிகள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் விதிப்படி அதை யாரும் போடவில்லை.

"அது டெண்டரும்மா"

ஆறேழு வாரம் கழித்து ஷெட் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. தங்கராசு அண்ணன் இறங்கினார். தார் ஒட்டுமோ என்று செருப்பைப் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"என்னம்மா செல்வமணி. கொட்டாம்பட்டி வேலை அப்படியே கெடக்கு. எங்கிட்ட ஆளுக எங்க இருக்காக? நீயே போட்டுக் குடுத்துரு."

"ஆளும் ரோலரும் இருக்குன்னு காட்டியிருந்தீகளே" என்றார் அக்கா.

"அது டெண்டரும்மா" என்றார் அவர். அதில் கேலி இல்லை, கூச்சமும் இல்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னார்.

அக்காவிடம் வேலை செய்யும் பெண்கள் மூன்று வாரமாகச் சும்மா இருந்தார்கள். அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "முடிச்சதும், இந்த ரோட்ட நான்தான் போட்டேன்னு ஒரு எழுத்துக் குடுப்பீகளா?"

தங்கராசு அண்ணன் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "அதெப்படிம்மா? உள்குத்தகைக்கு விடக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்ல இருக்கு. விதிய மீறச் சொல்றியா?"

அக்கா வேலையை எடுத்துக்கொண்டார்.

ரோட்டோரத்தில் வைத்த பலகையில் ஓர் இன்ஜினியரின் பெயர் இருந்தது. அவர் கோயம்புத்தூரில் ஏதோ ஷோரூமில் இருப்பதாகக் கேள்வி. பலகைக்கு இந்தப் பக்கம் நான் நின்று வேலை பார்த்தேன். அக்கா வழக்கம்போல இரண்டு லாரியைத் திருப்பி அனுப்பினார். தங்கராசு அண்ணன் போனில் கத்தினார். "ஆறிப்போனத நான் கொட்ட மாட்டேன். வேணும்னா நீங்க வந்து கொட்டிக்கங்க" என்று அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டார். வேலை நல்லபடியாக முடிந்தது. நான் சொல்வது வெறும் பெருமையில்லை; போய்ப் பாருங்கள், ரோடு இருக்கிறது.

கடைசி நாள் காலை பாண்டி கூப்பிட்டான். "மாப்ள, முடிஞ்ச ரோட்ட நாலு போட்டோ எடுத்து அனுப்பு. தங்கராசண்ணனுக்கு அடுத்த டெண்டர்ல அனுபவம் காட்டணும்."

எடுத்து அனுப்பினேன். உடனே மறுபடி கூப்பிட்டான். "அந்தக்கா நடுவுல நிக்குது. ஆளில்லாம எடு."

அக்கா ரோட்டின் நடுவில் வாளித் தண்ணீரை ஊற்றி, அது இரண்டு பக்கமும் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் ஓரமா நிக்கிறீங்களா? ரோடு மட்டும் வேணுமாம்."

"யாருக்கு வேணுமாம்?"

சொன்னேன்.

அவர் நகரவில்லை. அடுத்த வாளியை எடுத்துப் பத்தடி தள்ளிப் போய் ஊற்றினார். "ரோடு வேணும்னா நானும் சேந்துதான் வருவேன்னு சொல்லு."

பன்னிரண்டு படம் எடுத்தேன். பன்னிரண்டிலும் அக்கா இருந்தார். அத்தனையையும் அப்படியே அனுப்பினேன்.

பாண்டி வெட்டித்தான் சேர்த்திருக்கிறான். அக்காவை வெட்டியதில் ரோட்டிலும் பாதி போய்விட்டதாம். மீதிப் பாதியை வைத்து அடுத்த வேலைக்குத் தகுதி வாங்கிவிட்டார் தங்கராசு அண்ணன்.